காலுக்குச் சிறிய பூட்ஸ்

அன்புள்ள உங்களுக்கு,

நலம்தானே? பிரஷர் மாத்திரையை விடாமல் போடுங்கள். எனக்குக் குறையொன்றும் இல்லை.

இங்கே பயிற்சி முகாமில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இது முதல் வாரம். நேற்று ஒருவன் நொண்டிக்கொண்டே அணிவகுத்தான். கூப்பிட்டு பூட்ஸைக் கழற்ற வைத்தேன். குதிகால் தோலுரிந்து சீழ் வைத்திருந்தது.

"சின்ன சைஸ்னு சொல்லி மாத்தியிருக்கலாமேப்பா?"

"முதல் நாளே குறை சொன்னா வீட்டுக்கே பார்சல் பண்ணிடுவாங்க, டாக்டரம்மா."

சிரித்துவிட்டு மருந்து போட்டேன். ஆறிவிடும்.

நம் பையனும் தன் பயிற்சி முகாமிலிருந்து போனில், "சூப்பரா இருக்கேம்மா" என்கிறான். நான் நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவனைப் பார்க்கப் போகும்போது நலம் விசாரிக்காதீர்கள், காலைப் பாருங்கள். தடித்த பருத்திக் காலுறை நாலு ஜோடி கொண்டுபோங்கள்.

தபால் வண்டி கிளம்புகிறது. பார்த்ததை உள்ளபடி எழுதுங்கள். என்னைத் தேற்ற வேண்டாம்.