பொதுக் குளத்தில் நீந்தப் போனது

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். உங்கள் இருமல் குறைந்ததா? அம்மா வேளைக்கு மாத்திரை போட்டுக்கொள்கிறாளா?

நான் சௌக்கியம். நாளெல்லாம் சைக்கிளில் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோவதால் முழங்கால் கொஞ்சம் பிடித்துக்கொண்டது. "சைக்கிளை விட்டு இறங்கி நீச்சலடிங்க, சரியாயிடும்" என்றார் டாக்டர். இங்கே உள்ள பொது நீச்சல் குளத்துக்குப் போனேன். சீ! தண்ணீரில் முடிக்கற்றை, யாரோ ஒட்டியிருந்த பிளாஸ்திரி. பக்கத்தில் ஒரு பெரியவர் மூக்கைச் சிந்தி அதிலேயே கை கழுவினார். அந்தத் தண்ணீர் என் வாய்க்குள் போய் இருமித் துப்பினேன்.

"என்னப்பா, புரையேறிடுச்சா?" என்று அதே கையால் என் முதுகைத் தடவினார். உடம்பு கூசியது. ஆனாலும் விலகவில்லை. இந்த ஊருக்கு வேலைக்கு வந்தபின் என்னை ஒருவர் தொட்டது அதுதான் முதல் தடவை.

வாடகைத் துண்டில் முன்னே துடைத்தவன் நாற்றம். நம் வீட்டுத் துண்டு ஒன்று அனுப்புங்கள், துவைக்காவிட்டாலும் பரவாயில்லை. நாளைக்கும் போகிறேன்.

பொட்டலம் தயாராம், கூப்பிடுகிறார்கள்.

உங்கள் மகன்