பிள்ளையாருக்கு அடியில் ஒரு ஸ்குரு

நவம்பர் 11, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். யூனிபார்ம் காயவில்லை. ஈரத்தோடு போட்டுக்கொண்டு போனேன். பிசிக்ஸ் டெஸ்ட், சுமார்.

மதியம் வயிற்று வலி. தூரம். இந்த மாதம் நாலு நாள் முன்னாடியே.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என் பாய், தட்டு, டம்ளர் எல்லாவற்றையும் பக்கத்து அறைக்கு மாற்றிவிட்டாள். பிறகு வழக்கமானவை. அடுப்படிக்கு வராதே. சாமி மாடத்துப் பக்கம் போகாதே. ஊறுகாய் ஜாடியைத் தொடாதே. கடைசியாக, "காருகிட்டயும் போகாத. பூப் போட்டிருக்கு." சனிக்கிழமை தலைக்கு ஊற்றும் வரை இப்படித்தான்.

காருக்குள் இருக்கிறவருக்காக. டேஷ்போர்டு மேல், ஸ்டியரிங்குக்கு நேரே ஒட்டியிருக்கிறார். கட்டைவிரல் உயரம், யானை முகம். இந்த நாளில் அவர் பேரை முழுசாக எழுதலாமா, தெரியவில்லை. 'பி.' என்று எழுதுகிறேன்.

அப்பா வாடகைக்கு ஓட்டுகிற அந்தக் காரின் மீட்டரில் வெளிச்சமே இல்லை. உள்ளே நாலு பல்பு. ஒவ்வொன்றாகப் போய், கடைசியும் போன மாதம் போய்விட்டது. ராத்திரியில் ஸ்பீடு தெரியாது, டீசல் தெரியாது, ஹீட் முள் தெரியாது. ஹீட் முள்தான் முக்கியம். பழைய கார், மலை ஏறினால் கொதிக்கும். முள் சிவப்புக்குப் போவதற்குள் நிறுத்தியாக வேண்டும்.

போன வாரம் மெக்கானிக் பாண்டி அண்ணன் வந்து பார்த்துவிட்டு அப்பாவிடம் சொன்னார். "பல்புதாண்ணே. அரைமணி வேலை. ஆனா மேல்மூடி ஸ்குரு ஒண்ணு பி.க்கு அடியில மாட்டிக்கிருச்சு. அவர எடுக்கணும்."

அப்பா: "பூச போட்டு ஒட்டுனவரு. அவர எடுத்துட்டு எனக்கு வெளிச்சம் எதுக்கு?"

"அப்ப அவரையே டார்ச் அடிக்கச் சொல்லுங்க." ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

போன மாதம் குமுளியிலிருந்து ராத்திரி இறங்கும்போது நான் முன் சீட்டில். அப்பா போன் டார்ச்சைப் போட்டு வாயில் கவ்விக்கொண்டார். வளைவில் தலையைக் குனிந்து முள்ளைப் பார்த்தார். எச்சில் தாடையில் வழிந்தது. எதிரில் பஸ். நான் "அப்பா" என்றேன். அவர் "ம்ம்" என்றார். வாயில் போன் இருந்ததால் வேறு எதுவும் சொல்ல முடியவில்லை. அந்த "ம்ம்" இன்னும் கேட்கிறது.

வருகிற வெள்ளி, பக்கத்து வீட்டு சரசு அக்காவையும் மூணு மாதக் கைப்பிள்ளையையும் கட்டப்பனையில் புருஷன் வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். காலை ஏழு மணிக்குள் வாசல் மிதிக்க நல்ல நேரம். அப்படியென்றால் இருட்டில் மலை ஏறணும். அப்பா, வாயில் போன், பின்னால் கைப்பிள்ளை.

அப்பா வேறொருவருக்குப் பதில் ஆக்டிங் டிரைவராக வாழைக்காய் லாரியில் மதுரை போயிருக்கிறார். வியாழன் ராத்திரிதான் வருவார்.

பல்பை நான் மாற்றப் போகிறேன்.


நவம்பர் 12, புதன்

மழை லீவு. அறிவிப்பு வந்த பிறகு மழையைக் காணோம்.

அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் பகல் டூட்டி. ஆயா வேலைக்கு லீவு கிடையாது. எட்டு மணிக்குப் போய்விட்டாள். கார் சாவி சாமி மாடத்துக்குப் பக்கத்து ஆணியில். அங்கே நான் போகக் கூடாது. போனேன்.

எடுத்து வைத்தவை: ஸ்டார் ஸ்குரு டிரைவர். பத்தாம் நம்பர் ஸ்பேனர். தையல் நூல். ஸ்குரு போட்டு வைக்க என் தட்டு. அம்மாவின் பழைய போன், வீடியோவுக்கு. வீடியோவில் இதே மாடல் கார், பேசுகிறவர் மலையாளத்துக்காரர். முக்கால்வாசி புரிகிறது. கேரள எல்லையோரம், இந்தப் பக்கத்தில் யாருக்குத்தான் புரியாது.

முதலில் பாட்டரி மைனஸ் கழற்றினேன். அது சுலபம்.

பிறகு பி.

பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தேன். வாய்விட்டே சொன்னேன்: "மன்னிச்சுக்க. கோவம்னா என்னைய மட்டும் பாத்துக்க. காரையும் அப்பாவையும் ஒண்ணும் செஞ்சுறாத." நூலை இரண்டாக முறுக்கி அவருக்கு அடியில் கொடுத்து, இப்படியும் அப்படியும் அறுத்தேன். அவித்த முட்டையை நூலால் அறுப்போமே, அப்படி. (முட்டை என்று எழுதியிருக்கக் கூடாது.) அடியில் ஒட்டியிருந்த டேப் விட்டது. கையில் வந்துவிட்டார். கனமே இல்லை.

இடி இடிக்கும் என்று நினைத்தேன். தூறல்கூட இல்லை. பக்கத்துத் தெருவில் கோலமாவு விற்கிற சத்தம்.

துவைத்த கர்சீப்பை விரித்துப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்தேன். அவர் இருந்த இடத்தில், பாண்டி அண்ணன் சொன்ன மாதிரியே, ஸ்குரு. புத்தம் புதுசாக.

மேல்மூடி வந்தது. மீட்டர் பெட்டிக்கு நாலு ஸ்குரு, அதுவும் வந்தது. பின்பக்கம் ஒயர் எல்லாம் சேர்ந்து ஒரு வெள்ளை சாக்கெட்டில் போகிறது. வீடியோக்காரர் அதைப் பிடித்துக்கொண்டு "வலிக்கருது, வலிக்கருது" என்றார். வலிக்காது என்கிறார், பயப்படாமல் இழு என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். இழுத்தேன்.

டக்.

சாக்கெட்டைப் பூட்டுகிற சின்னக் காது ஒடிந்து பெடலுக்குக் கீழே விழுந்தது.

ஏன் தொட்டேன், ஏன் தொட்டேன் என்று எத்தனை தடவை சொன்னேனோ. பி.யைப் பார்க்கவே இல்லை.

ஆனால் பாதியில் விடவும் முடியாது. பல்புகளை லேசாகத் திருகினால் வந்துவிடுகின்றன. நாலும் கருகியிருந்தன. இரண்டில் உள்கம்பியே அறுந்து தொங்குகிறது. ஒன்றைப் பஞ்சில் சுற்றி ஜாமெட்ரி பாக்ஸில் போட்டேன், கடையில் காட்ட. மற்றதை எல்லாம் அப்படியே தூக்கி வைத்து மூடி, மேலே பி.யை ஒட்டாமல் நிறுத்தினேன். பூவையும் வைத்தேன்.

சாயங்காலம் சரசு அக்கா தொட்டில் சேலையை மடித்துக்கொண்டிருந்தாள். சுவருக்கு இந்தப் பக்கம் நின்றபடி கேட்டேன். "அக்கா, மலையாளத்துல வலிக்கருதுன்னா வலிக்காதுன்னுதான?"

அக்கா சிரித்த சிரிப்பில் பிள்ளை முழித்துக்கொண்டது. "நாசமாப் போச்சு. இழுக்காதன்னு அர்த்தம் பிள்ள. கெணத்துக் கயித்த நான் இழுத்தா எங்க மாமியா அதத்தான் கத்துவாக. உனக்கு எதுக்கு?"

"சும்மா."

அப்பா போன் செய்தார். "காரு நல்லாருக்கா ஆத்தா? மழைக்குள்ள ஒழுகுதா?"

"நல்லாருக்குப்பா."

வாசற்படியில் கால் விரல் இடித்து நகம் பிய்ந்தது. இதுதான் தண்டனையா? இவ்வளவுதான் என்றால் பரவாயில்லை.


நவம்பர் 13, வியாழன்

வெயில். மழை லீவு விட்டதற்கு மறுநாள் எப்போதும் வெயில்.

ஸ்பெஷல் கிளாஸுக்கு இருக்கவில்லை. வயிற்று வலி என்றேன். பொய்யும் இல்லை. சின்னமனூரில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. கவுண்டரில் எல்லாரும் ஆம்பளைகள். கருகிய பல்பை நீட்டினேன்.

கடைக்காரர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இந்த மஞ்ச பல்பு இப்ப வர்றதில்ல பாப்பா. எல்.இ.டி.தான். அப்பாவ வரச் சொல்லு."

"அப்பா ஊர்ல இல்ல. நாலு குடுங்க. ரெட்டைப் பக்கம் ஒட்டுற டேப்பு ஒண்ணு. இன்சுலேஷன் டேப்பு ஒண்ணு."

"யாரு மாட்டுவா?"

"வீட்டுல ஆளு இருக்கு."

ஊருக்குத் திரும்ப மார்க்கையன்கோட்டை பஸ் ஏறும்வரை அந்த வார்த்தையையே நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் ஆள் இருக்கிறது.

அஞ்சே காலுக்குக் காரில். அம்மா வர ஆறரை. நாலு பல்பையும் மாட்டினேன். சாக்கெட்டை அமுக்கி, ஒடிந்த காதுக்குப் பதில் இன்சுலேஷன் டேப் மூணு சுற்று. பாட்டரி மைனஸ் மாட்டினேன். சுவிட்சைத் திருப்பினேன்.

இரண்டு எரிந்தது. இரண்டு எரியவில்லை. எரியாதது ஹீட் முள் பக்கம்.

பல்பு கெட்டதா, ஒயர் கெட்டதா, நான் இழுத்த இழுப்பில் உள்ளே ஏதாவது அறுந்ததா. எரிகிற பல்பைக் கழற்றி எரியாத இடத்தில் மாட்டினேன். எரிந்தது. அதையே கழற்றி மறுபடி மாட்டினேன். எரியவில்லை. ஒரே பல்பு, ஒரே இடம்.

அப்போதுதான். எல்.இ.டி. என்றால் டயோடு. முன்னோக்குச் சார்பு, பின்னோக்குச் சார்பு. செவ்வாய்க்கிழமை டெஸ்டில் அஞ்சு மார்க் கேள்வி, படம் வரைந்து பாகம் குறித்தேனே. ஒரு பக்கம் மட்டும்தான் கரண்டை விடும். பழைய பல்புக்கு எப்படி மாட்டினாலும் சரி. இதற்கு அப்படி இல்லை.

எரியாத இரண்டையும் கழற்றித் திருப்பி மாட்டினேன்.

நாலும்.

நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம். எல்லா எண்ணும் தெரிகிறது, நூற்றி நாற்பது வரை. எங்கள் கார் எந்தக் காலத்தில் நூற்றி நாற்பது போயிருக்கும். டீசல் கால்வாசி. ஹீட் முள் கீழே ஒழுங்காகப் படுத்திருக்கிறது, பக்கத்தில் சிவப்புக் கோடு, அதுவும் தெரிகிறது. நான் கத்தவில்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரித்தேன். ஜன்னலை ஏற்றி வைத்திருந்ததால் நல்லதாகப் போயிற்று.

எல்லாவற்றையும் மூடினேன். தட்டில் ஒரு ஸ்குருகூட மிச்சமில்லை. அவரை மட்டும் பழைய இடத்தில் ஒட்டவில்லை. இரண்டு விரல் தள்ளி ஒட்டினேன். ஸ்குரு வெளியே தெரியட்டும். பக்கத்து சீட்டில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தவர்தானே, அவருக்கே புரியும்.

அம்மா வந்ததும்: "என்னடி கையெல்லாம் கருப்பு?"

"பேனா லீக்."

அப்பா ஒன்பது மணிக்கு வந்தார். சாப்பிட்டதும் படுத்துவிட்டார். காரைப் பார்க்கவில்லை.


நவம்பர் 14, வெள்ளி

இன்று நிறைய எழுத வேண்டும்.

விடிவதற்கு வெகு முன்னாலேயே முழித்துக்கொண்டேன். ஜன்னல் இடுக்கில் பார்த்தேன். சரசு அக்கா பிள்ளையை மடியில் வைத்துப் பின்னால் ஏறினாள், அவள் அம்மா கூட. அப்பா ஸ்டார்ட் செய்து லைட் போட்டார். கீழேயிருந்து வெளிச்சம் அவர் முகத்தில் அடித்தது.

அப்பா அசையவில்லை. துண்டால் மீட்டர் கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி பார்த்தார். திரும்பி வீட்டைப் பார்த்தார். நான் கீழே குனிந்துகொண்டேன்.

"நேரமாகுதுல்ல, கெளம்புங்கப்பா." சரசு அக்காவின் அம்மா. கார் போய்விட்டது.

அதற்குப் பிறகுதான் பயம் சரியாகப் பிடித்தது. நான் சுற்றிய டேப் சூட்டில் இளகினால்? ஒயர் உரசிப் புகை வந்தால்? உள்ளே கைப்பிள்ளை. இருட்டில் பழகியவர் இருட்டிலேயே ஓட்டியிருப்பார். பள்ளிக்கூடத்தில் மூணு பீரியடும் மனசில் மலைப்பாதையின் லோயர் கேம்ப் வளைவுகள்தான். மதியம் ஆபீஸ் போனில் அம்மாவைக் கூப்பிட்டேன். "மலையில சிக்னல் இல்லடி, என்னத்துக்கு இப்பப் போன் பண்ற?" பக்கத்து பெஞ்ச் நஸ்ரின் பரோட்டா கொடுத்தாள். திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஆறு மணிக்குக் கார் சத்தம். முழுசாக வந்தார். எண்ணிப் பார்த்தேன், கார், அப்பா, சரசு அக்காவின் அம்மா. பிள்ளையும் அக்காவும் அங்கே நல்லபடியாக.

ராத்திரி சாப்பாடு. நான் பக்கத்து அறை வாசலில் என் தட்டோடு. அப்பா அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மூணாவது வளைவு தாண்டுனதும் முள்ளு ஏறுது. ஏறுது, ஏறுது, நான் பாத்துக்கிட்டே இருக்கேன். செவப்புக்கு இன்னும் ஒரு விரக்கட எடம் இருக்கையிலயே ஓரங்கட்டிட்டேன். பானெட்டத் தூக்குனா ஹோஸ் வெடிச்சு ஒழுகுது. ரப்பரச் சுத்தி, ஆறவிட்டு, தண்ணி ஊத்தி ஏறுனோம். பிள்ள முழிக்கவே இல்ல."

"தெரியாம ஓட்டியிருந்தா?"

"எஞ்சின் அங்கனயே இறுகி நின்னுருக்கும். வளைவுல. பின்னாடி லாரி."

அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

அப்பா போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். "பாண்டி, எனக்குத் தெரியாம வந்து பல்ப மாத்திட்டுப் போயிருக்கியே. நல்லாருப்ப."

"நான் எங்கண்ணே தொட்டேன்? அவர எடுக்கக் கூடாதுன்னு நீங்கதான விரட்டி விட்டீக."

"அப்ப யாரு?"

"பிள்ளையாரே மாத்திக்கிட்டாரோ என்னமோ. கும்பாபிஷேகம் பண்ணிருங்க."

போனை வைத்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள். என் கையை.

"நாந்தாம்ப்பா" என்றேன். "நானே கழட்டி, நானே மாட்டுனேன்."



"எப்ப?" அம்மா.

"புதனும் வியாழனும்."

அம்மாவுக்குக் கணக்குப் பிடிபட நேரமாகவில்லை. "அடிப் பாவி. தூரத்தோடயா? அவரத் தொட்டியா?"

"தொட்டேன். எடுத்து சீட்டுல வச்சேன். திருப்பி ஒட்டுனேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல" என்றார் அப்பா.

"சொன்னா விட்டிருக்க மாட்டீக."

சோற்றைப் பிசைந்தார். "மாட்டேன்தான்." பிறகு, "ரெண்டு விரக்கட தள்ளி உக்காந்திருக்காரே?"

"ஸ்குருவ மறைச்சாரு. அதான்."

"ம். அங்கனயே இருக்கட்டும்." அம்மா பக்கம் திரும்பினார். "அவருக்குக் கோவம்னா அந்த வளைவுலயே காட்டியிருப்பாரு. வெஞ்சனம் வையி."

அம்மா பொரியலை வைத்தாள். எனக்கும் வைத்தாள், இரண்டு கரண்டி. பாத்திரம் கழுவினாள், அடுப்பைத் துடைத்தாள், எல்லாமே கொஞ்சம் சத்தமாக. நான் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். தூங்குகிற மாதிரி. உள்ளுக்குள் மட்டும் நாலு பல்பும் எரிந்துகொண்டிருந்தது. நான் மாட்டியது. நான்.

ஸ்டூலை இழுக்கிற சத்தம். பரணிலிருந்து எதையோ இறக்கினாள். கொண்டுவந்து என் பாய்க்கு முன்னால் வைத்தாள். மிக்ஸி.

"ஆடியில நின்னு போச்சு. என்னான்னு பாரு."

"நான் இன்னும் தலைக்கு ஊத்தலம்மா."

"மிக்ஸிக்கு என்ன தெரியப் போகுது."