கடலிலேயே இழுத்துக் கட்டிய பாய்

மச்சான்,

இன்று காலை கேளம்பாக்கத்தில் ஒரு கடையில் துணி காயப்போடக் கயிறு கேட்டேன். கடைக்காரர் புது நைலான் கட்டைப் பிரித்ததும் அந்த வாசனை மூக்கில் ஏறியது. அவ்வளவுதான், செங்கல்பட்டில் நாம் இருவரும் நடத்திய சைக்கிள் கடைக்கே போய்விட்டேன். மேசைமேல் கயிற்றுச் சுருளைக் கொட்டிவைத்து, பஞ்சருக்கு வந்தவர்களை எல்லாம் "அப்பறம் வாங்க" என்று விரட்டிக்கொண்டிருந்தாய் நீ.

எழுபதுகளில் மாமல்லபுரத்தில் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர், ஊருக்குத் திரும்பும்போது தன் பாய்ப்பலகையை உன்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். நின்றபடி ஓட்டும் பலகை; நடுவில் பாய்மரம், அதில் ஒரு பாய், பிடித்துக்கொள்ள வளைந்த கைப்பிடி. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் பஸ் பிடித்து ஓடுவோம். ஒரே ஒரு தொல்லை. பாயின் மூலையைக் கயிற்றால் இழுத்துக் கைப்பிடி நுனியில் முடிச்சுப் போட்டால் போட்டதுதான். காற்று ஏறினால் பாய் தொப்பை போட்டுவிடும். இறுக்குவதற்குக் கரைக்கு வரவேண்டும்.

கரையிலிருந்து கடலைப் பார்த்து மேல்காற்று அடித்த ஒருநாள் உன்னால் கரைக்குத் திரும்ப முடியவில்லை. பாய் உப்பி உன்னைத் தள்ளிக்கொண்டே போனது. கரையில் நின்ற எனக்கு நீ ஒரு புள்ளியாகிவிட்டாய். கட்டுமரக்காரர் ஒருவர்தான் உன்னையும் பலகையையும் இழுத்துவந்தார். என் வீட்டுக்காரியிடம், அதாவது உன் அக்காவிடம், என்ன சொல்வேன் என்று நான் நடுங்கிக்கொண்டிருக்க, நீ உப்புத்தண்ணீரைக் கக்கியபடியே கேட்டாய்: "மச்சான், தண்ணிலயே இஸ்து டைட் பண்ற மாதிரி ஒண்ணு செஞ்சிட்டா இன்னா?"

முதலில் சைக்கிள் ஃப்ரீவீலில் கயிற்றைச் சுற்றினோம். கிர்கிர்ரென்று அழகாக இறுகியது, தளர்த்தத்தான் வழியில்லை. பிறகு ஸ்பிரிங் வைத்த இரண்டு பல்சக்கரத் துண்டுகள், நடுவில் கயிறு. இழுத்தால் வரும், விட்டால் பல் கவ்விக்கொள்ளும், மேல்பக்கமாகச் சுண்டினால் விட்டுவிடும். கடைக்குள்ளேயே குதித்தாய் நீ. குதித்து முடிப்பதற்குள் கயிறு பிய்ந்துபோனது.

சாப்பாடு கொண்டுவந்த உன் அக்கா அதை எடுத்துப் பார்த்தாள். "இன்னாடா இது, நாய் கட்ச்சி வெச்ச மாதிரி கீது? கெழவன் பல்லு மாதிரி மொக்கையா வெச்சா புடிக்காதா?"

நீ என்னைப் பார்த்தாய், நான் உன்னைப் பார்த்தேன். சாயங்காலம் வரை ஒவ்வொரு பல்லாக அரத்தால் ராவி மழுக்கினோம். சாப்பாடு அப்படியே ஆறிக் கிடந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமையும் மேல்காற்றுதான். வேண்டாம் என்றேன். "காத்து இல்லாதப்போ ஓட்டிப் பாத்து இன்னா பிரயோஜனம்?" என்றாய். அதே கட்டுமரக்காரரைப் பக்கத்தில் நிற்கச் சொன்ன பிறகுதான், அன்று கூடவே வந்திருந்த உன் அக்கா உன்னை விட்டாள். கொஞ்ச தூரத்திலேயே பாய் உப்பியது, பலகை தள்ளாடியது. ஒரு கையை விட்டுச் சாய்ந்து கயிற்றை இழுத்தாய். பாய் தகடு மாதிரி விறைத்தது! பலகை மூக்கைத் திருப்பிக்கொண்டு சாய்வாகக் கரையைப் பார்த்துச் சீறி வந்தது.

"புட்ச்சிகிச்சி மச்சான்! புட்ச்சிகிச்சி!"

உன் அக்கா புடவையோடு இடுப்பளவு தண்ணீரில் நின்று கைதட்டினாள். நீ இறங்கியதும் பலகையை என்னிடம் தள்ளினாய். "ஏறு. சும்மா ஏறு." முதல் அலையைத் தாண்டியறியாத நான் அன்று தாண்டினேன். கயிற்றை இழுத்தேன். காற்று முழுவதும் என் கைக்குள் வந்து உட்கார்ந்தது. காலடியில் கடல் பிளந்துகொண்டு ஓடியது. நான் என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது.

இப்படி ஒன்று வெளிநாட்டுப் படகுகளில் முன்பே உண்டு என்று பின்னால் ஒருவர் சொன்னபோது என் முகம் தொங்கிப்போனது. நீதான் சிரித்தாய். "இருந்துட்டுப் போவட்டும். நமக்கு யாரு சொன்னாங்க? நாமளா கண்டுபுட்ச்சது நம்மளுதுதான்."

நீ போனதிலிருந்து உன்னை எப்போது நினைத்தாலும் முதலில் அந்த வேகம்தான் வருகிறது மச்சான். அழுகை அதற்குப் பின்னால், மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்கிறது.