அவள் வேண்டாம் என்று மட்டும்தான் கேட்டேன்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம், நீயும் சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். இதில் முதல் பாதியை நீ நம்பமாட்டாய், நம்பக்கூடாது என்றுதான் உன்னை வளர்த்திருக்கிறேன். போனில் சொல்லாமல் கடிதம் எழுதுவதற்குக் காரணம் இரண்டு. நான் எந்த அறையில் போனை எடுத்தாலும் உன் அம்மாவுக்கு அந்த அறையில்தான் தூசு தட்ட வேண்டியிருக்கிறது, அது முதல் காரணம். இரண்டாவதைக் கடைசியில் சொல்கிறேன், இப்போதே கடைசிப் பக்கத்தைப் புரட்டாதே, உன் பழக்கம் எனக்குத் தெரியும்.

உன் மாமாவுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டது நீ அறிந்ததுதான். ஒன்றுவிட்டு ஒரு நாள் டயாலிசிஸ் போய் வருகிறான், ஆணிக்கடையை உன் அத்தை பார்த்துக்கொள்கிறாள், அவள் நிறுத்துக் கொடுக்கும் ஆணியில் எப்போதும் ஒரு கைப்பிடி கூடுதலாக இருப்பதால் வாடிக்கையாளர்கள் அவனுடைய உடல்நிலையை அக்கறையோடு விசாரித்துக்கொண்டே வாங்கிப் போகிறார்கள். வேறொருவர் சிறுநீரகத்தை வைத்தால் பிழைத்துக்கொள்வான், இல்லையென்றால் இப்படியே போகும், எவ்வளவு தூரம் போகும் என்று டாக்டரம்மா சொல்லவில்லை, சொல்லாததே பதில். அத்தையின் இரத்தம் சேரவில்லை. பிள்ளை குட்டி கிடையாது. கூடப்பிறந்தவள் உன் அம்மா ஒருத்திதான். ஆக, யாரும் வாயைத் திறந்து ஒன்றும் கேட்காமலே வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் உன் அம்மாவின் இடுப்பைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்கள்.

உன் மாமாவுக்கு இந்தச் சமயத்தில் பக்தி வந்தது. கல்யாண நாளிலிருந்து அவனைப் பார்க்கிறேன், கடவுளைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ அவன் ஒரு வார்த்தை சொல்லிக் கேட்டதில்லை. இப்போது நாங்கள் பார்க்கப் போனபோதெல்லாம் கட்டிலில் சாய்ந்துகொண்டு, "நான் யாரையும் எதுவும் கேக்க மாட்டேன்க்கா, எல்லாத்தையும் கடவுள்கிட்ட விட்டுட்டேன்" என்கிறான். உன் அம்மா தண்ணீர் கொண்டுவர உள்ளே போயிருக்கும்போது என்னிடம் கிரிக்கெட்தான் பேசுகிறான், அவள் திரும்பி வந்ததும் மறுபடி கடவுள் வருகிறார். தூண்டில் போடுகிறவன்கூட மீனைத்தான் பார்ப்பான், இவன் கூரையைப் பார்த்துக்கொண்டு போடுகிறான் என்று நினைத்தேன். உனக்குத் தெரியும், நான் வேலையில் இருந்த காலமெல்லாம் கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தியவன். எல்லாத் தராசும் என்றைக்காவது ஒருநாள் பொய் சொல்லும், துருப்பிடித்தாவது சொல்லும். உன் மாமாவின் ஆணிக்கடைத் தராசு மட்டும் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அதனாலேயே எனக்கு அவன்மேல் சந்தேகம்.

உன் அம்மாவும் அதே பாட்டைத்தான் பாடினாள். "கடவுள்கிட்ட விட்டாச்சுங்க, நீங்க சும்மா இருங்க" என்றாள். விட்டாச்சு என்றால் எதற்காக வெறும் வயிற்றோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி நிற்கிறாய் என்று கேட்டேன். "அவர் முடிவு பண்றதுக்கு நாமதானே பேப்பரெல்லாம் ரெடி பண்ணிக் குடுக்கணும்?" என்றாள். நான் அரசாங்க உத்தியோகம் பார்த்தவன். மேலதிகாரி முடிவெடுக்க வேண்டிய கோப்பில் முடிவைப் பென்சிலால் எழுதி மேலே அனுப்பும் வித்தை எனக்குத் தெரியாததா. அவளுடைய பிரார்த்தனைக் கூட்டத்துத் தலைவி, ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை, வீடு தேடி வந்து, "ஒப்படைச்சிட்டா பாரம் குறைஞ்சிரும் சார்" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். அம்மாவுக்கு எடை குறையப் போவது எப்படிப் பார்த்தாலும் உண்மைதான், அதனால் மறுத்துப் பேசவில்லை. சொல்லிவிட்டுத் தன்னுடைய இரண்டு சிறுநீரகங்களோடும் எங்கள் வீட்டு மாடிப்படியில் பத்திரமாக இறங்கிப் போனார்.

நானும் வேண்டினேன், அதை உன்னிடம் மறைப்பானேன். அம்மா குளிக்கப் போன நேரமாகப் பார்த்து, அவள் வழக்கமாக உட்காரும் மூலையில் நின்றுகொண்டே, ஒரே வரியில் சொன்னேன், அவள் வேண்டாம். சர்க்கரை எட்டிப் பார்க்கிற உடம்பு, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, தன் வலியைச் சொல்லத் தெரியாதவள். காரணங்களை விவரமாகச் சொல்லியிருக்கலாம், அதற்குள் தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது. அந்த வாரம்தான் நீ போனில் வானிலையெல்லாம் விசாரித்துவிட்டு, ஏதோ ஞாபகம் வந்தவள்போல, மாமாவுக்கு என்ன ப்ளட் குரூப் என்று கேட்டாய். ஏன் கேட்கிறாய் என்றதற்கு, "சும்மாதான்ப்பா" என்றாய். சும்மா கேட்பதுபோலக் கேள்விகளைக் கேட்டுத்தான் நான் பல கடைகளை மூடவைத்திருக்கிறேன், என்னிடமேவா.

இதற்கு நடுவில் எனக்கு ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தின்மேல் சந்தேகம் வந்தது. யார் போனாலும் சேர்கிறது என்று சொல்லிவிடுவார்களோ, அறுக்கிற இடத்தில் அறுக்க ஆசை இருக்காதா. ஒரு தராசை நம்பலாமா என்று பார்க்க ஒரே வழிதான் உண்டு, எடை முன்னாலேயே தெரிந்த ஒரு கல்லைத் தட்டில் வைக்க வேண்டும், முள் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்காகவே ஒரு சின்னப் பித்தளைக் கல்லை இன்றைக்கும் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன், காய்கறிக்காரர் என்னைக் கண்டதும் பெருமூச்சு விடுவது அதனால்தான். இந்தத் தராசுக்கு எந்தக் கல் என்று யோசித்தேன். நான்தான். உன் மாமாவும் நானும் எந்த விஷயத்திலும் ஒத்துப்போனதில்லை, அரசியலில் இல்லை, காற்றாடி வேகத்தில் இல்லை, உன் பள்ளிக்கூடத்தைத் தேர்ந்தெடுத்தபோதும் இல்லை. இரத்த வகை ஒன்றுதான், ஆனால் அது ஊரில் பாதிப் பேருக்கு உண்டு. இரத்த உறவு இல்லாத என் சிறுநீரகம் அவனுக்குச் சேரும் என்று சொன்னால் அந்தக் கூடம் பொய் என்று முடிவு கட்டிவிடலாம், உன் அம்மாவைக் கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்து வந்துவிடலாம். டாக்டரம்மாவிடம் போய், என்னையும் சோதித்துப் பாருங்கள் என்றேன். அவர் கண் கலங்கி, "இந்தக் காலத்துல மச்சினனுக்கு யார் சார் முன்வர்றாங்க" என்றார். சட்டைக் கையை மடித்துக்கொண்டேன்.

முடிவு வந்தது. உன் அம்மா கூடாது, சர்க்கரை எட்டிப் பார்க்கவில்லை, உள்ளே வந்து உட்கார்ந்தே இருக்கிறதாம், அவளுக்கு இருக்கும் இரண்டும் அவளுக்கே வேண்டும். நான் சேர்கிறேன், நன்றாகவே சேர்கிறேன். நம்பாமல் ஊரின் அடுத்த கோடியில் இருக்கும் வேறொரு கூடத்துக்குப் போய்த் திரும்பவும் இரத்தம் கொடுத்தேன், அங்கேயும் அதுவேதான். இரண்டு கூடத்துக்கும் ஏதும் உறவு உண்டா என்றும் விசாரித்தேன், ஒருவரையொருவர் திட்டினார்கள், இல்லை என்று தெரிந்தது. அன்றைக்குத்தான் என் விண்ணப்பத்தை நினைத்துப் பார்த்தேன். அவள் வேண்டாம் என்று கேட்டேன், கேட்டது ஒரு குன்றிமணி குறையாமல் கிடைத்திருக்கிறது. நானும் வேண்டாம் என்று சேர்த்துச் சொல்ல யாருக்குத் தோன்றும்.

உன் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை, அதுவே பெரிய சந்தேகமாக இருந்தது. இரண்டு நாள் பொறுத்து, கொடுக்கச் சொல்கிறாயா என்று நானே கேட்டேன். "உங்களை நான் கேக்கவே மாட்டேன். கடவுள்கிட்டகூட உங்க பேரைச் சொல்லல" என்றாள். சொல்லாமல் அவருக்கு என் விலாசம் எப்படிக் கிடைத்தது என்றேன். "நீங்களே போய்க் கையை நீட்டிக் குடுத்தீங்களே" என்றாள். நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன், அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை, தோள் குலுங்கியது.

பிறகு டாக்டரம்மாவிடம் தனியாகப் பேசினேன். மாமா என் மனைவியை எப்போது கேட்டான், என்ன சொல்லிக் கேட்டான் என்று விசாரித்தேன், ஆதாரம் கையில் இருந்தால் நல்லதுதானே. அவர் வியப்போடு பார்த்தார். "உங்களுக்குத் தெரியாதா? அக்கா வந்து கேட்டா வேண்டாம்னு சொல்லிருங்க டாக்டர்னு அவர் முதல் நாளே சொல்லிட்டாரு. அவங்கதான் பிடிவாதமா வந்து டெஸ்ட்டுக்கு உக்காந்தாங்க" என்றார். நான் இதை இரண்டாவது முறையும் கேட்டேன், நர்ஸிடம் மூன்றாவது முறை கேட்டேன். கட்டிலில் சாய்ந்துகொண்டு அவன் சொன்ன அந்த வார்த்தையை, மகளே, அவன் அப்படியே அர்த்தத்தோடுதான் சொல்லியிருக்கிறான். கேட்கமாட்டேன் என்றால் கேட்கமாட்டேன், விட்டுவிட்டேன் என்றால் விட்டுவிட்டேன். அந்தத் தராசு இந்தத் தடவையும் பொய் சொல்லவில்லை.

அவனிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். "வேணாம் அத்தான்" என்றான். ஏன் என்றேன். "உங்க கிட்னி எனக்குள்ள வந்து உக்காந்தா, நான் குடிக்கிற தண்ணியை அது நம்பாது. அளந்து பாத்துக்கிட்டே இருக்கும்" என்றான். அதற்குத்தான் சிறுநீரகம் இருக்கிறது, உன்னுடையது அளக்காமல் இருந்துதான் இந்த நிலைமை என்றேன். அவன் சிரித்தான், சிரிக்கும்போது எவ்வளவு இளைத்துவிட்டான் என்று தெரிந்தது, கழுத்தில் சட்டைக் காலர் தனியாக நின்றது. எப்படியும் வெளியிலிருந்து வந்த சிறுநீரகத்தை உடம்பு கடைசிவரை சந்தேகப்படுமாம், அதை அடக்கி வைக்கத் தினமும் மாத்திரை உண்டு என்று டாக்டரம்மா சொன்னார். சந்தேகம் என்பது உடம்பின் இயற்கை என்று படித்தவர் ஒருவர் வாயால் கேட்டதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதி. அதற்கு மாத்திரை இருப்பதை உன் அம்மாவிடம் சொல்லவில்லை.

கொடுப்பவரைத் தனியே உட்காரவைத்து விசாரிப்பது அங்கே ஒரு விதி. ஆலோசகராக இருந்த ஓர் இளம்பெண், "யாராவது உங்களைக் கட்டாயப்படுத்துறாங்களா சார்? பயப்படாம சொல்லுங்க" என்றாள். ஆமாம் என்று மேலே கையைக் காட்டினேன். அவள் பேனாவைத் திறந்து, "மேல நிர்வாக அலுவலகம்தானே இருக்கு? யாருன்னு எழுத்துல குடுங்க சார், நடவடிக்கை எடுத்துரலாம்" என்றாள். நல்ல பெண், வேலையில் கெட்டி. புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

எப்படிச் சம்மதித்தேன் என்று கேட்பாய். தட்டுக்கு அடியில் யாருடைய விரலாவது இருக்கிறதா என்று ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டேன். மாமா கேட்கவில்லை, அம்மா பேரைச் சொல்லவில்லை, கூடம் பொய் சொல்லவில்லை. இருந்த ஒரே கை என்னுடையது, நானாக நீட்டியது. குற்றம் கண்டுபிடிக்க முடியாத தராசுக்கு முத்திரை குத்திவிட்டு நகர்வதுதான் ஆய்வாளர் வேலை, மனதுக்குப் பிடிக்காவிட்டாலும் குத்தத்தான் வேண்டும். கையெழுத்துப் போட்டுவிட்டேன். அப்படியென்றால் அப்பாவுக்குக் கடவுள்மேல் நம்பிக்கை வந்துவிட்டது என்று அம்மாவிடம் சொல்லி அவளைத் தலைகால் தெரியாமல் ஆக்கிவிடாதே. சந்தேகம் அப்படியேதான் இருக்கிறது, அதோடு சேர்த்தே போய்ப் படுத்துக்கொள்ளலாம் என்று தெரிகிறது, மயக்கமருந்து இரண்டுக்கும் சேர்த்துத்தான் போடுவார்களாம்.

இப்போது இரண்டாவது காரணம். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். முன்கூட்டிச் சொன்னால், அங்கே எடுத்து வைத்திருக்கிற உன் பரிசோதனை முடிவைப் பையில் போட்டுக்கொண்டு முதல் விமானத்தில் வந்து இறங்குவாய். எடுக்கவில்லை என்று சொல்லாதே. தபாலின் தாமதத்தை நான் முழுமனதோடு நம்பியது இதுவே முதல்முறை, அது ஏமாற்றி சீக்கிரமே வந்துவிட்டால் பெரியவர்கள் பேச்சை மதித்து அங்கேயே இரு. உன்னிடம் இருக்கும் இரண்டையும் பத்திரமாக வைத்துக்கொள், வீட்டில் இனி உபரி கிடையாது. தண்ணீர் நிறையக் குடி. அந்த வாடகை வீட்டுக் கரண்ட் மீட்டரை ஒரு தடவை விளக்கெல்லாம் அணைத்துவிட்டுப் பார். நீ எந்தக் காரியத்தில் கையை நீட்டினாலும் கடவுள் துணை இருக்கட்டும், நீட்டுவதற்கு முன்னால் மட்டும் ஒரு தடவை யோசி. உன் அம்மாவின் ஆசியும் இதோடு வருகிறது, அவளைக் கேட்காமலே சேர்த்திருக்கிறேன்.

பெட்டி கட்டியாகிவிட்டது. கைக்கடிகாரம், மோதிரம் எதுவும் கொண்டுவரக் கூடாதாம். சட்டைப்பையிலிருந்த பித்தளைக் கல்லை எடுத்து, காற்றாடியில் பறந்துவிடாமல் இருக்க இந்தத் தாளின்மேல் வைத்துக்கொண்டுதான் இவ்வளவும் எழுதினேன். "ஏங்க, ஆஸ்பத்திரித் தராசைச் சோதிக்க அது வேணாமா?" என்று அம்மா இப்போது வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே கேட்கிறாள். மேசையிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

என்றும் உன் நலம் விசாரிக்கும்,
அப்பா