ஒரு இருமலுக்கு டீசல், இரண்டுக்குத் தண்ணீர்

நம் ஜீப் மறுபடியும் வெள்ளையாய்ப் புகைந்தது. வேறு யாரிடம் சொன்னாலும் பட்டறைக்கு விடச் சொல்வார்கள். நீ ஒருத்திதான் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போய் நிற்பாய். அதனால் உனக்கே எழுதுகிறேன்.

கண்டுபிடித்தவன் நான் இல்லை. தை மாதம் ஏற்காட்டில் வண்டி ஓட்டுகிறவனுக்கு வெள்ளைப் புகை எங்கே தெரியும்? கண்ணாடியில் பார்த்தால் முன்னாலும் மூட்டம், பின்னாலும் மூட்டம். "இந்த வருசம் மூட்டம் நொம்ப ஜாஸ்தி" என்று ஒரு வாரமாக எஸ்டேட் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதில் பாதி என் சொந்தத் தயாரிப்பு என்று எனக்கு எப்படித் தெரியும்?

சேலத்திலிருந்து வந்த நம் மகளை அழைத்துவர அடிவாரம் இறங்கினேன். அங்கே பளீரென்று வெயில். பஸ்ஸை விட்டு இறங்கியவள் தூரத்திலிருந்தே சிரித்தாள். "ஏனுங்ப்பா, மேகத்தையும் கட்டி இழுத்துட்டு வந்துட்டீங்களா?"

இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிப்பதற்குள் சிரிப்பு போய்விட்டது. "சின்ன ரிப்பேருன்னா சரிங்ப்பா. எஞ்சினைப் பிரிக்கணும்னா வித்துருங்க. வித்துட்டு எங்ககூட வந்துருங்க. அம்மாவும் இல்லாம, ஓடற வண்டியும் இல்லாம மலைமேல ஒத்தையா நீங்க என்ன பண்ணுவீங்க?"

சரியென்று தலையாட்டிவிட்டேன். மறுநாள் அவள் ஊர் திரும்பிய பிறகுதான் எதற்குத் தலையாட்டினேன் என்று உறைத்தது. நம் ஊடு, மிளகுக் கொடி, கிளியூர் சந்துபொந்து எல்லாம் இப்போது அந்தப் புகைக்குழாயின் கையில். புகையை முகர்ந்து பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். முகர மூக்கு வேண்டுமே!

இருபது வயதில், எஸ்டேட் கணக்கெழுதும் பெரிய ரைட்டர் போலத் தெரியவேண்டும் என்று மூக்குப்பொடி போட ஆரம்பித்தவன் நான். நாற்பதுக்குள் மல்லிகைக்கும் மண்ணெண்ணெய்க்கும் வித்தியாசம் தெரியாதவனாகிவிட்டேன். ஊரில் இது உனக்கு மட்டும்தான் தெரியும். அந்த ரகசியத்தைக் காப்பாற்ற நீ செய்து கொடுத்த ஏற்பாட்டை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. நான் பத்துப் பேர் பார்க்கக் குனிந்து, புகையை இழுத்து, கண்ணை மூடி யோசிப்பேன். நீ பின்னால் முறத்தில் எதையாவது புடைத்துக்கொண்டு நிற்பாய். ஒரு இருமல் வந்தால் எரியாத டீசல், கண்ணைக் கரிக்கிறது என்று அர்த்தம். டீசல் பீய்ச்சும் நாசிலையோ ஹீட்டர் ப்ளக்கையோ பார்க்கவேண்டும். இரண்டு இருமல் என்றால் இனிப்பு வாசம். ரேடியேட்டரில் ஊற்றிய பச்சை நிறக் கூலண்ட் தண்ணீர் எஞ்சினுக்குள் இறங்கி எரிகிறது, எஞ்சின் தலைக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, பிரிக்கவேண்டும். நீ இருமாமல் இருந்தால் வெறும் குளிர்நீராவி. சூடானால் போய்விடும், வண்டியை எடுக்கலாம்.

"ரைட்டரு மூக்கு மெசினுங்க" என்று பக்கத்து ஊர் வாழவந்திக்காரர்கள்கூட வண்டியைக் கொண்டுவந்து காட்டினார்கள். நான் வெட்கமில்லாமல் முகர்ந்தேன். நீ அலுக்காமல் இருமினாய். உனக்கு நெஞ்சுச்சளி என்று எதிர்வீட்டு சரோஜா ஊரெல்லாம் சொன்னதும், அதற்காக நீ அவளோடு ஒரு வருஷம் பேசாமல் இருந்ததும் தனிக் கதை.

அந்த மூக்கு ஒரே ஒரு தடவை பொய் சொன்னது. ஐப்பசி மழை. எனக்கு நல்ல காய்ச்சல். சேலத்தில் சிநேகிதன் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குப் போயே தீருவேன் என்று ஜீப்பைக் கிளப்பினேன். பின்னாலிருந்து இரண்டு இருமல், கணீரென்று. உடனே பட்டறை மணியை வரவழைத்தேன். அவர் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "தண்ணி கொறையவே இல்லீங்களே ரைட்டரே" என்றார். "என் மூக்கு பொய் சொல்லாது, பிரிங்க" என்றேன். இரண்டு நாள் கழித்து கேஸ்கெட்டைக் கையில் தூக்கிக் காட்டினார். "புதுப்பொண்ணாட்டம் இருக்குதுங்க. மூக்கைத்தான் பிரிச்சுப் பாக்கோணும்."

ராத்திரி கஞ்சியை நீட்டிக்கொண்டே நீ ஒப்புக்கொண்டாய். "ஏனுங்க, போகாதீங்கன்னா கேக்கற ஆளா நீங்க? அதான் ரெண்டு தடவ இருமுனேன்."

அன்றைக்கு மலைப்பாதையில் மரமும் விழவில்லை, பாறையும் உருளவில்லை. போயிருந்தால் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வந்திருப்பேன். அதைச் சொன்னபோது, "கஞ்சி ஆறுதுங்க" என்றாய்.

இப்போது நீ இல்லை, இருமலும் இல்லை. வேறு வழியில்லாமல் சரோஜாவிடமே போய் மூக்கு விஷயத்தைச் சொன்னேன். அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "அடச் சாமி! அப்ப இத்தன வருசமா அத்தன பேரையும் ஏமாத்துனீங்களா? உங்கூட்டுக்காரி இருந்திருந்தா என்னைய இந்த வண்டிகிட்ட அண்ட உட்டிருப்பாளா?" என்றபடியே வந்து குனிந்தாள். நிமிர்ந்தவள் சொன்னாள். "பாயாசம் அடிப்புடிச்சாப்ல இருக்குதுங்க."

நீயும் இதைத்தான் சொல்வாய். வார்த்தை மாறாமல் இதைத்தான். இனிப்பு வாசம், இரண்டு இருமல்.

ஆனால் ஒரு தடவை ஏமாந்தவன் அல்லவா? எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். இரண்டு சொம்புத் தண்ணீர் குறைவு. மூடாமலே ஸ்டார்ட் செய்தேன். உலையாட்டம் குமிழி குமிழியாக வந்தது. கேஸ்கெட்தான். எஞ்சினைப் பிரித்தே ஆகவேண்டும். அதாவது, வண்டியை விற்றே ஆகவேண்டும். நானும் கீழே இறங்கவேண்டும்.

அந்த நேரம் பார்த்து மகள் போன் செய்தாள். "என்னங்ப்பா ஆச்சு?"

"டீசல்தான் கண்ணு. கண்ணைக் கரிக்குது. நாசில் கோளாறு, சின்ன வேலை" என்றேன். உன்னிடம் கற்ற பொய். ஆனால் உன் நேர்த்தி வரவில்லை.

"மெய்யாலுமா? உங்களுக்கு வாசமே தெரியாதேப்பா. அம்மா எங்கிட்டச் சொல்லியிருக்காங்க."

ரகசியத்தைக் காப்பாற்றிய லட்சணம் இதுதானா? பக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டு நின்ற சரோஜா என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். "கண்ணு, நானுதான் மோந்து பாத்தேன் சாமி. பச்ச டீசலு. என்ற கண்ணு ரெண்டும் எரியுது." சொல்லிவிட்டு லொக்கென்று ஒரு தடவை இருமியும் காட்டினாள். போனை வைத்ததும் என்னை முறைத்தாள். "என்ன பாக்கறீங்க? நீங்க கீழ போயிட்டா என்ற கொய்யாக் கூடைய ஆரு எறக்குவா?" முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அவ ஊட்டுல வெளக்கு எரியாட்டி எனக்கும் நல்லாருக்காதுங்க" என்றாள்.

மணி எஞ்சினைப் பிரித்தார். இந்தத் தடவை கேஸ்கெட் இரண்டு சிலிண்டருக்கு நடுவே கருகி வெடித்திருந்தது. ஹெட் லேசாக வளைந்திருந்ததால் சேலத்துக்கு அனுப்பி இழைத்து வாங்கினார். புதுக் கேஸ்கெட் வைத்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஒவ்வொரு போல்ட்டாக, மூன்று சுற்றில் முறுக்கினார். நான்தான் எண்ணிக்கொண்டு நின்றேன். பச்சைக் கூலண்ட் ஊற்றிக் கிளப்பினோம். குமிழி இல்லை.

மகளிடம் அடுத்த மாதம் உண்மையைச் சொல்லிவிடுவேன். இல்லாவிட்டால் சரோஜா சொல்லிவிடுவாள். அவள் வாயில் ஒரு மாதம் எதுவும் தங்கியதில்லை.

இன்று காலை நல்ல மூட்டம். ஸ்டார்ட் செய்ததும் குழாயிலிருந்து வெள்ளையாய்க் கொஞ்சம் வந்தது. எனக்கு மூக்கில்லை என்று சரோஜா புண்ணியத்தில் தெருவுக்கே தெரிந்த பிறகும், பழக்கத்தில் பின்னால் போய்க் குனிந்து, ஆழமாக இழுத்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். வெகுநேரம் நின்றேன்.

நீ இருமவில்லை.

வண்டியை எடுத்தேன்.