முதுகு காட்டி நடந்தவருக்கு

நேற்று காலையிலிருந்து தூறல். ரேஷன் கடைக்குப் போகக் குடை தேடினேன். என் குடையைப் பேத்தி காலேஜுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பீரோவுக்கு மேலே கையை விட்டுத் துழாவியதில் உங்கள் குடை தட்டுப்பட்டது. அதே பெரிய கறுப்புக் குடை. நுனியில் நீங்கள் கட்டிய சிவப்புத் துணி வெளுத்துப்போய் அப்படியே இருக்கிறது. கூட்டத்தில் யாரும் உங்களைத் தவற விட்டுவிடக் கூடாதென்று தலைக்கு மேலே தூக்கிப் பிடிப்பீர்களே, அந்தத் துணி. வாசலில் நின்று விரித்தேன். மடிப்பிலிருந்து பொடி மணல் என் முகத்தில் கொட்டியது. மாமல்லபுரத்து மணல். உப்பு வாசனை.

நீங்கள் போய் வருஷம் திரும்பிவிட்டது. அழுகை வரும் என்றுதான் நினைத்தேன். வந்தது வயிற்றெரிச்சல். இந்தக் குடைக்கு முன்னால் எந்தெந்த ஊர்க்காரியெல்லாம் நின்று உங்கள் முகத்தைப் பார்த்துக் கதை கேட்டிருப்பாள்! கட்டிய பெண்டாட்டி நான் மட்டும் கேட்டதில்லை.

அப்போதெல்லாம் பட்டணத்திலிருந்து காலையில் சுற்றுலா பஸ் கிளம்பும். செங்கல்பட்டு வழியாக வந்து முதலில் நம் திருக்கழுக்குன்றத்து மலை, பிறகு சதுரங்கப்பட்டினத்தில் இடிந்த கோட்டை, சாப்பாட்டுக்குப் பிறகு மாமல்லபுரம், பொழுது சாய்ந்ததும் திரும்பப் பட்டணம். அந்த பஸ்ஸுக்கு நீங்கள் கைடு. இந்த ஊரிலிருந்து பட்டணம் போய், அங்கிருந்து பஸ் ஏறி, மறுபடி நம் தெரு வழியாகவே வருவீர்கள். முன் சீட்டில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, பின்பக்கம் திரும்பி உட்கார்ந்து பேசிக்கொண்டே போவீர்கள். வாசலில் நான் நிற்பேன். வீட்டைத் தாண்டும்போதும் உங்கள் கண் வீட்டுப் பக்கம் திரும்பாது. மலைக்கோயில் சோற்றுக்குக் கழுகு வராத நாளில்கூட நீங்கள் வானத்தைக் காட்டிப் பேசினால் மொத்த பஸ்ஸும் அண்ணாந்து பார்க்குமாம். எனக்கு வாய்த்தது ராத்திரிப் பேச்சு.

"சோறு கீதா?"

"கீது."

"போடு."

"இன்னிக்கு யாரெல்லாம் வந்தாங்க?"

"காலைலேர்ந்து பேசிப் பேசி வாயே வலிக்குது. வுடுடி."

பக்கத்து வீட்டு சரோஜாவை அவள் அண்ணன் கூடுவாஞ்சேரியிலிருந்து வந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த பஸ்ஸில் கூட்டிப் போனான். திரும்பி வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் என் அடுப்படிக்கு வந்து நின்றாள்.

"இன்னாமே, உன் வூட்டுக்காரரு பின்னாலயே நடக்குறாரு! மூஞ்சி எங்க பக்கம் கீது, காலு அந்தப் பக்கம் போவுது. எங்க மூஞ்சப் பாத்துகினே எவ்ளோ பாசமா சொல்றாரு தெரியுமா?"

"நல்லா பாத்தியா? எங்க வூட்டுக்காரர்தானா அது?" என்று கேட்டேன்.

சிரிப்புக்குக் கேட்கவில்லை. நம்ப முடியாமல்தான் கேட்டேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து நீங்கள் முன்னால், நான் பின்னால். கோயிலுக்கு, சந்தைக்கு, கல்யாணம் கருமாதிக்கு, எங்கே போனாலும் அப்படித்தான். உங்கள் அம்மா சொல்லிக் கொடுத்த முறை. நீங்கள் ஒரு தடவையும் திரும்பிப் பார்த்ததில்லை. உங்கள் முதுகு எனக்கு மனப்பாடம். பின்கழுத்து மடிப்பு தெரியும். வியர்வை முதலில் எந்த இடத்தில் நனைக்கும் என்று தெரியும். கோபமாய் இருந்தால் இடது தோள் ஏறும், அதுவும் தெரியும். முகத்தைத்தான் ஊருக்குக் கொடுத்துவிட்டீர்கள் என்று அன்றைக்குத் தெரிந்தது.

"என்னயும் ஒரு நாளு கூட்டினு போயி காட்டுங்க" என்றேன்.

"நீ பாக்காத கல்லா? வருஷா வருஷம் மாசி மகத்துக்குப் போயினு வர்ரே."

போய் வந்தேன்தான். புளிச்சோற்று மூட்டையும் மாற்றுப் புடவையுமாய் உங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டே போய், கடலில் முங்கி, ஈரப் புடவையைக் காயப் போட எந்தக் கல்லில் வெயில் விழுகிறது என்று பார்த்துவிட்டு வந்தேன். அதுவா பார்த்தது?

பிறகு உங்கள் பஸ்ஸில் அந்த ரோமாபுரிக்காரி வந்தாள்.

அவளைப் பற்றி மட்டும் நீங்கள் சோற்றில் கை வைத்தபடியே பேசினீர்கள். "அவளும் நம்மள மாரி கைடுடி. அவுங்க ஊரு பெரிய தலைநகரம். அங்கேர்ந்து ஆளுங்கள பஸ்ல கூட்டினு போயி, பழய துறைமுகம் ஒண்ணு கீதாம், அதக் காட்றா. ராஜா காலத்துது. கடலு வெலகிப் போயிடுச்சாம், ஊரு மட்டும் தனியா நிக்குதாம். நம்ம பக்கம் கடலு முன்னால வந்துச்சு, அவ பக்கம் பின்னால போச்சு, பாத்துக்கோ."

"அவ பக்கம்னா கடலுகூட மரியாதையா பின்னால போவும்" என்றேன்.

நீங்கள் அதைக் கேட்டமாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. "அவளும் பின்னாலயேதான் நடப்பாளாம்" என்றீர்கள்.

"ரெண்டு பேரும் பின்னாலயே நடந்தா யாருதான் போய்ச் சேர்றது?"

அதற்கு மட்டும் முறைத்தீர்கள்.

அவள் நம் வீட்டுக்குச் சாப்பிட வந்தாள். வெள்ளைத் தலைமுடி, என் வயதுதான் இருக்கும். கீரைக் கடைசலும் கருவாட்டுக் குழம்பும் வைத்திருந்தேன். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வர வரச் சாப்பிட்டாள். அதற்காக அவள் மேல் கொஞ்சம் பிரியம் வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். சாப்பிட்டு முடித்ததும் நீங்கள் அவளுக்கு நம் வீட்டைக் காட்ட ஆரம்பித்தீர்கள். அம்மியைக் காட்டி ஒரு கதை. உரலைக் காட்டி ஒரு கதை. என் வீட்டிலேயே, என் அடுப்படியிலேயே, நீங்கள் பின்னால் நடப்பதை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தீர்கள். கடைசியில் கரண்டியோடு நின்ற என்னைக் காட்டி நெடுநேரம் என்னவோ சொன்னீர்கள். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். நானும் ஒரு சிலை மாதிரி நின்றேன்.

அவள் போனதும் கேட்டேன். "என்னக் காட்டி இன்னா சொன்னீங்க?"

"பொண்டாட்டின்னு சொன்னேன்."

"அதுக்கா அம்மாம் நேரம்?"

"இங்கிலீஷுல நீளமா வரும்டி."

ஐந்தாவதோடு நின்றவள் என்பதால் எதையும் சொல்லிவிடலாம் என்று நினைப்பு. அவள் ஊரிலிருந்து வருஷத்துக்கு ஒரு படத் தபால் வரும். உடைந்த தூண், உடைந்த சுவர். அதை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைப்பீர்கள். நம் கல்யாணப் படம் பரண் மேல் கிடந்தது.

மழைக்காலத்தில் ஒரு நாள் பஸ்ஸில் கூட்டம் இல்லை என்று டிரைவர் சொல்லி, சரோஜா என்னைத் தெருமுனையில் நெட்டித் தள்ளி ஏற்றிவிட்டாள். ஊதாப் பட்டு கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு ஏறினேன். மைக்கில் பேசிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் ஒரு வார்த்தையை விழுங்கினீர்கள். பிறகு ஒன்றுமே நடக்காதமாதிரி இங்கிலீஷில் தொடர்ந்தீர்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பரவாயில்லை, பேச்சு விளங்காவிட்டால் என்ன, முகத்தைப் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருந்தேன்.

மாமல்லபுரத்தில் குன்று மேல் ஏறினோம். நீங்கள் குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினீர்கள். பின்னாலேயே நடந்தீர்கள். உங்களைக் கட்டிக்கொண்டு இவ்வளவு காலம் ஆனபிறகு, பகல் வெளிச்சத்தில், நடக்கிற உங்கள் முகம் எனக்கு நேராக! புருவம் ஏறுகிறது, இறங்குகிறது. கண் சிரிக்கிறது. நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் உங்களுக்குப் பின்னால் பாறையில் வெட்டிய தொட்டியைக் கண்டேன். மழைத் தண்ணீர் நிறைந்து கிடந்தது. நீங்கள் அதை நோக்கியே போய்க்கொண்டிருந்தீர்கள்.

"இந்தாங்க, பின்னால தொட்டி!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். எங்கே போய் நின்றேன் தெரியுமா? உங்கள் முதுகுக்குப் பின்னால். கையைப் பிடித்து இழுக்கத் தோன்றவில்லை, முன்னால் நின்று மறிக்கத் தோன்றவில்லை. பழகிய கால் பழகிய இடத்துக்குப் போய்விட்டது. அத்தனை பேரும் உங்கள் முகத்துக்கு எதிரே நிற்க, நான் ஒருத்தி பட்டுப் புடவையில் உங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பஸ்ஸில் வந்தவர்கள் படம் எடுத்தார்கள்.

பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னீர்கள்: "அந்தாண்ட போடி. கைடுக்குப் பின்னால யாரும் நிக்கக் கூடாது. இந்தத் தொட்டி எனக்குத் தெரியாதா?"

"வுடு அண்ணாத்த, அண்ணி உனக்கு பேக் லைட்டு!" என்றார் டிரைவர். எல்லாரும் சிரித்தார்கள். தமிழ் தெரியாதவர்களும் சிரித்தார்கள்.

மிச்ச நேரம் பஸ்ஸை விட்டு இறங்கவே இல்லை நான். ராத்திரி வீட்டுக்கு வந்து, "இன்னாத்தப் பாத்தே?" என்று கேட்டீர்கள்.

"உங்க முதுகத்தான்."

அதற்கு மேல் நீங்களும் கேட்கவில்லை, நானும் கூட்டிப்போகச் சொல்லவில்லை.

உங்களுக்குப் பக்கவாதம் வந்தபோது ஒரு பக்கக் காலும் கையும் போயின. அதோடு இங்கிலீஷும் போனது. அதென்ன கணக்கோ, தமிழ் மட்டும் துண்டு துண்டாய் மிஞ்சியது. ஊரெல்லாம் ஐயோ என்றது. எனக்கும் ஐயோதான். ஆனால் உள்ளே ஒரு மூலையில், இனிமேல் பேசினால் என்னிடம்தானே பேச வேண்டும் என்றும் இருந்தது. அதை இப்போது உங்களிடம் சொல்வதற்கு எனக்கென்ன வெட்கம்.

ஆஸ்பத்திரியில் நடக்கப் பழக்குகிற பெண் எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். "அவருக்கு எதிர்ல நில்லுங்கம்மா. ரெண்டு கையையும் புடிச்சுகினு நீங்க பின்னால போங்க. அவரு கீழ பாக்கக் கூடாது. உங்க மூஞ்சப் பாத்துதான் நடக்கணும்."

பின்கட்டிலிருந்து கிணறு வரைக்கும் தினமும் நடந்தோம். நான் பின்னால் பின்னால் போக, நீங்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஒவ்வொரு அடியாய் வந்தீர்கள். ஒரு நாள் நடுவில் நின்றுவிட்டீர்கள்.

"இன்னா பாக்குறீங்க?"

"இங்க... மச்சம்... எப்ப வந்துச்சு?"

உதட்டுக்கு மேலே இருக்கிற மச்சம். "பொறந்தப்பலேர்ந்து கீது" என்றேன். ராஜா காலத்துக் கல்லில் ஒரு கீறல் விடாமல் தெரிந்தவர், தலையைச் சாய்த்து, கோணிய வாயோடு அதைப் பார்த்துக்கொண்டே நின்றீர்கள். பிறகு, "ம். கைடம்மா. சொல்லு" என்றீர்கள்.

சொன்னேன். இடது கைப் பக்கம் பாருங்கள், உங்கள் அம்மா வைத்த முருங்கை. வலது கைப் பக்கம் மாட்டுத் தொட்டி, மாடு இல்லை, தொட்டி உண்டு. எதிரே துணி துவைக்கிற கல், இதுவும் ராஜா காலத்துதான், நான்தான் ராணி. நீங்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தீர்கள். சிரித்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று என் கையை இறுக்கினீர்கள்.

"பாத்து... பின்னால... வாய்க்கா."

கிணற்றடி வாய்க்கால். ஆயுசு பூராவும் அங்கேதான் பாத்திரம் கழுவியிருக்கிறேன். இருட்டிலும் என் குதிகாலுக்கு அது தெரியும். எனக்குத் தெரியாதா என்று நான் சொல்லவில்லை. நின்றேன். மெல்ல ஒதுங்கினேன். மறுநாளும் சொன்னீர்கள், மறுநாளும் நின்றேன். நீங்கள் படுக்கையில் விழும்வரை அந்த இடத்துக்கு வந்தபோதெல்லாம் சொன்னீர்கள், நானும் தெரியாதவள் மாதிரி நின்றேன்.

போன வாரம் ரோமாபுரியிலிருந்து தபால் வந்தது. நீங்கள் போனதைப் பேத்தி எழுதிப் போட்டிருந்தாள், அதற்குப் பதில். அந்த அம்மா தைக்கு வருகிறாளாம். நீங்கள் நடந்த இடமெல்லாம் நடந்து பார்க்க வேண்டுமாம். என்னோடு பார்க்க வேண்டுமாம். பேத்தி இங்கிலீஷைப் படித்துத் தமிழில் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "வரச்சொல்லு" என்றேன்.

வரட்டும். கருவாட்டுக் குழம்பு வைக்கிறேன். மலைக்குக் கூட்டிப் போகிறேன், கோட்டைக்குக் கூட்டிப் போகிறேன். மாமல்லபுரத்தில் குன்று மேல் ஏறி, இதோ இந்தக் குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவள் பக்கம் முகம் காட்டிப் பின்னாலேயே நடக்கிறேன். அந்தத் தொட்டி எனக்குத் தெரியும்.

பின்கட்டுக் கதவை மட்டும் அன்றைக்குப் பூட்டி வைப்பேன். கிணறு வரைக்கும் போகிற அந்த வழியை யாருக்கும் காட்டுவதாக இல்லை.