முதுமலை யானைக்கு அண்ணி கொடுத்த பழம்

அண்ணி, இன்று காலையில் கோயில் யானை நம் தெரு வழியாகப் போனது. மணிச் சத்தம் கேட்பதற்கு முன்பே வாடை வந்துவிட்டது. ஈரத் தழையும் சாணமும் கலந்த அந்த வாடை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பழத்தோடு வெளியே ஓடினார்கள். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இந்த வயதிலும் உள்ளங்கை வேர்க்கிறது.

அறுபதுகளின் கடைசியில், அப்போதிருந்த கோயில் யானைக்கு ஒரு மண்டலம் பழம் கொடுப்பதாக நீங்கள் வேண்டிக்கொண்டீர்கள். அண்ணன் ரத்தமாக இருமிக்கொண்டு டி.பி. ஆஸ்பத்திரியில் கிடந்தார். தறி துணி போர்த்திக் கிடந்தது. நாற்பத்தெட்டு நாள், ஒரு நாளும் தவறாமல் யானைக்குப் பழம் கொடுத்து, அது துதிக்கையைத் தலையில் வைத்தால் அண்ணன் எழுந்து வந்துவிடுவார் என்றீர்கள். ஒரு நாள் தவறினால் என்ன ஆகும் என்று மட்டும் சொல்லவில்லை. எனக்கு அதுதான் பயம்.

நாற்பது நாள் ஆகும்போது பழனிக்கு ஒரு டூரிஸ்ட் பஸ் புறப்பட்டது. அண்ணனுக்காக நான் மொட்டை போட வேண்டும், நீங்கள் துணைக்கு. திரும்பும்போது ஊட்டி, முதுமலை எல்லாம் உண்டு என்றதும் நீங்கள் தயங்கினீர்கள். பஸ்ஸை ஏற்பாடு செய்தவர் சிரித்தார்.

"முதுமலைல யானைக்கு இன்னாம்மா பஞ்சம்? வரிசையா கட்டி வச்சிருப்பாங்க."

அந்தப் பஸ்ஸைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கூடை கூடையாகக் கோயில் இட்லி ஏற்றியிருந்தார்கள். மிளகும் சுக்கும் போட்டது, மூன்று நாள் கெடாது. கூரத்துக்காரர் ஒருவர் வேலூர் தாண்டுவதற்குள் ஒரு கூடையைக் காலி செய்துவிட்டு, "புலி வந்தா மொதல்ல என்னைத்தான் புடிக்கும், ஓட முடியாது" என்று வயிற்றைத் தடவிக்கொண்டார். எல்லோரும் சிரித்தோம். நான் சிரித்தது வாயால் மட்டும்தான்.

முதல் நாள் நம் ஊர் யானை, மறுநாள் பழனி யானை. மூன்றாம் நாள் முதுமலை முகாமில் பழச்சீப்போடு நின்றீர்கள். பாகன் கையெடுத்துக் கும்பிட்டார். வெளியாள் எதுவும் கொடுக்கக் கூடாதாம், களி உருண்டை மட்டும்தானாம். நீங்கள் கெஞ்சவில்லை. பொழுது எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்த்தீர்கள்.

பிறகு காட்டிலாகா வேனில் மிருகம் பார்க்கப் போனோம். மான் பார்த்தோம், காட்டெருமை பார்த்தோம். மூங்கில் அசைந்தாலே நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு வளைவில் வேன் நின்றது. மண் பூசிய உடம்போடு ஒரு கொம்பன் யானை தனியாக நின்றிருந்தது.

"யாரும் அசையாதீங்க" என்று முன்னால் இருந்த வாட்சர் கிசுகிசுத்தார். கூரத்துக்காரர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு சீட்டுக்கு அடியில் போனார். மற்றவர்களும் குனிந்துகொண்டார்கள்.

நீங்கள் செருப்பைக் கழற்றினீர்கள்.

"தம்பி, பொழுது சாயறதுக்குள்ள குடுத்துட்டு வந்துடறேன்."

"ஐயோ, வேணாம் அண்ணி. இது கோயில் யானை இல்ல."

"அதுக்குத் தெரியுமா அது? நீ சும்மா இரு."

பின்கதவு திறந்தது. உங்கள் முந்தானை என் கையில் இருந்தது. இழுக்க வேண்டும், இல்லையென்றால் கூட இறங்க வேண்டும். விரல் தானாகத் திறந்துகொண்டது.

பத்திருபது அடி நடந்தீர்கள். அது காதை விரித்தது. சீப்பைத் தரையில் வைத்துவிட்டு, கைகூப்பித் தலை குனிந்து நின்றீர்கள், துதிக்கை வருமென்று. அது பிளிறிக்கொண்டு நாலெட்டு பாய்ந்து வந்தது. புழுதியில் உங்களைக் காணவில்லை. அண்ணனிடம் என்ன சொல்வேன் என்றுதான் நினைத்தேன், அண்ணி. உங்களை நினைக்கவில்லை.

புழுதிக்குள்ளிருந்து உங்கள் முதுகு தெரிந்தது. சன்னதியிலிருந்து வருவதுபோல், கூப்பிய கையோடு, சாமிக்கு முதுகு காட்டாமல் பின்னாலேயே ஒவ்வொரு அடியாக வைத்து வந்தீர்கள். யானை நின்றுவிட்டது.

"திரும்பி ஓடியிருந்தா அவ்ளோதாம்மா" என்றார் வாட்சர். நீங்கள் ஏறி, வேன் பின்வாங்கும்போது யானை பழத்தை மிதித்ததை இருவரும் பார்த்தோம்.

"நான் குடுத்துட்டேன்" என்றீர்கள். "துன்றதும் மிதிக்கறதும் அதும் இஷ்டம்."

மண்டலம் முடிந்தது. சில மாதம் கழித்து அண்ணன் வீட்டுக்கு வந்தார், குச்சிபோல. பார்க்க வந்தவர்கள் யானைக் கதையைக் கேட்டார்கள். நீங்கள் சொன்னீர்கள்: "தம்பிதான் எறங்கி வந்து என்னை இஸ்த்துக்கினு போச்சு." அண்ணன் படுத்தபடியே என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று அடுப்படியில் வந்து உங்களைக் கேட்டேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தீர்கள்.

"அவரு இன்னும் எழுந்து நடக்கல. வூட்ல ஒரு ஆம்பளையாவது தைரியமா கீறான்னு நம்பட்டும். வாயத் தொறக்காத."

திறக்காமல் இருந்திருக்கலாம். நான்தான் கதை சொல்கிறவன் ஆயிற்றே. வருஷத்துக்கு வருஷம் கூட்டினேன். துண்டை வீசினேன் என்றேன், அதட்டினேன் என்றேன். முசரவாக்கத்திலிருந்துகூட வந்து கேட்டார்கள். நீங்கள் வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவீர்கள்.

உங்கள் கருமாதி முடிந்து எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது உங்கள் மகன் கேட்டான். "சித்தப்பா, அம்மாவ யானைகிட்டேருந்து இஸ்த்துக்கினு வந்தியே, அத்த ஒரு தபா சொல்லு." அவன் கண் வீங்கியிருந்தது. இன்றாவது உள்ளதைச் சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்தேன். முந்தானை என் கையில் இருந்தது என்பதுவரை நிஜமாகவே சொன்னேன். அதற்குமேல் அவன் முகத்தைப் பார்த்தேன்.

இழுத்தேன் என்று சொல்லிவிட்டேன், அண்ணி.